தாஜ் மகால் பெற்ற விருதுகள்: தகடூர் அளவுகோலில் ஒரு மதிப்பீடு

தாஜ் மகால் (பிறப்பு: மே 17, 1942) அமெரிக்க ப்ளூஸ் கிதார் கலைஞர், பாடகர், பாடலாசிரியர். இயற்பெயர் ஹென்றி செயின்ட் கிளேர் ஃபிரெடெரிக்ஸ். ப்ளூஸ் இசையை அதன் ஆப்பிரிக்க, கரீபிய வேர்களோடும் ஹவாய், இந்திய இசைகளோடும் இணைத்துப் பார்த்த முன்னோடிகளில் ஒருவர். 2025 வரை ஐந்து கிராமி விருதுகளையும் கிராமி வாழ்நாள் சாதனை விருதையும் பெற்றிருக்கிறார். சித்ரவீணைக் கலைஞர் என். ரவிகிரண், மோகன வீணைக் கலைஞர் விஸ்வ மோகன் பட் ஆகியோருடன் இணைந்து 'மும்தாஜ் மகால்' (1995) என்னும் இசைத்தொகுப்பை வெளியிட்டதால் தமிழ் இசை ரசிகர்களுக்கும் அவர் முற்றிலும் அயலவர் அல்ல.

இக்கட்டுரை அவர் பெற்ற விருதுகளை மதிப்பிடுகிறது. ஒரு கலைஞனுக்கு அளிக்கப்படும் பரிசு எப்போது மரியாதையாகிறது, எப்போது வெறும் பொருளாக நின்றுவிடுகிறது என்ற கேள்வியைத் தமிழில் மிகப் பழங்காலத்திலேயே எழுப்பிய ஊர் தகடூர், அதாவது இன்றைய தருமபுரி. அந்த ஊரின் பரிசில் மரபு இங்கே அளவுகோலாகக் கொள்ளப்படுகிறது.

வாழ்க்கைப் பின்னணி

தாஜ் மகால் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் பிறந்து, மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில் வளர்ந்தார். தந்தை கரீபிய வம்சாவளியினர்; ஜாஸ் பியானோ கலைஞர், இசை அமைப்பாளர். தாய் தென் கரோலினாவைச் சேர்ந்தவர். தேவாலயப் பாடகி, ஆசிரியை. தாஜ் மகாலுக்கு 11 வயதானபோது தந்தை டிராக்டர் விபத்தில் இறந்தார். பின்னர் வந்த வளர்ப்புத் தந்தையின் கிதாரில்தான் அவர் பழகத் தொடங்கினார். பக்கத்து வீட்டு இளைஞர் ஒருவர் கற்றுக்கொடுத்தார். அவர் ப்ளூஸ் முன்னோடி ஆர்தர் 'பிக் பாய்' கிரடப்பின் உறவினர்.

இளமையில் தாஜ் மகால் விவசாயியாகவே விரும்பினார். பால் பண்ணையில் வேலை செய்தார். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் கால்நடை வளர்ப்பும் வேளாண்மையும் படித்தார். காந்தி, இந்தியா, மனிதர்களிடையேயான சகிப்புத்தன்மை ஆகியவை பற்றி வந்த கனவுகளே 'தாஜ் மகால்' என்ற பெயரைச் சூட்டிக்கொள்ளக் காரணம் என்று அவர் கூறியிருக்கிறார்.

1960களின் நடுவில் லாஸ் ஏஞ்சலஸ் சென்று கிதார் கலைஞர் ரை கூடருடன் சேர்ந்து 'ரைசிங் சன்ஸ்' குழுவில் வாசித்தார். கறுப்பினத்தவரும் வெள்ளையினத்தவரும் சேர்ந்திருந்த குழு அது. கொலம்பியா நிறுவனம் அவர்களை ஒப்பந்தம் செய்து பல பாடல்களைப் பதிவு செய்தது. ஆனால் அப்போது முழுத்தொகுப்பு வெளிவரவில்லை, குழுவும் கலைந்தது. பதிவுகள் தொகுப்பாக வெளிவந்தது 1992-ல். தாஜ் மகாலின் முதல் தனித்தொகுப்பு 1968-ல் வெளியானது. பெரும்பாலான கிதார் கலைஞர்கள் கட்டைவிரலோடு சுட்டுவிரலை முதன்மையாகக் கொண்டு மீட்டும்போது, அவர் கட்டைவிரலையும் நடுவிரலையும் கொண்டு மீட்டுகிறார். அவர் வாசிப்பின் உருளும் நடைக்கு இந்தப் பழக்கம் ஒரு காரணம்.

விருதுகளும் சிறப்புகளும்

• 1998: சிறந்த சமகால ப்ளூஸ் தொகுப்புக்கான கிராமி ('செனோர் ப்ளூஸ்')
• 2001: சிறந்த சமகால ப்ளூஸ் தொகுப்புக்கான கிராமி ('ஷௌட்டின் இன் கீ', ஃபேன்டம் ப்ளூஸ் குழுவுடன்)
• 2006: மாசசூசெட்ஸ் மாநிலத்தின் அதிகாரபூர்வ ப்ளூஸ் கலைஞர் என்ற அறிவிப்பு
• 2009: ப்ளூஸ் அறக்கட்டளையின் 'ப்ளூஸ் புகழ் மண்டப'த்தில் இடம்
• 2014: அமெரிக்கானா இசைச் சங்கத்தின் வாழ்நாள் சாதனை விருது
• 2018: சிறந்த சமகால ப்ளூஸ் தொகுப்புக்கான கிராமி ('தாஜ்மோ', கெப் மோவுடன்)
• 2023: சிறந்த மரபு ப்ளூஸ் தொகுப்புக்கான கிராமி ('கெட் ஆன் போர்டு', ரை கூடருடன்)
• 2025: சிறந்த மரபு ப்ளூஸ் தொகுப்புக்கான கிராமி ('ஸ்விங்கின் லைவ் அட் தி சர்ச் இன் டல்சா')
• 2025: கிராமி வாழ்நாள் சாதனை விருது

பட்டியலை ஆண்டுவாரியாகப் படித்தால் முதலில் தெரிவது அதன் காலியிடம். முதல் தனித்தொகுப்புக்கும் முதல் கிராமிக்கும் இடையே 30 ஆண்டுகள் உள்ளன. முதல் தொகுப்பு வந்தபோது அவருக்கு வயது 26. முதல் கிராமியை வாங்கியபோது 55. ஐந்து கிராமிகளில் மூன்று 75 வயதுக்குப் பிறகு வந்தவை.

தகடூர்ப் பரிசில் மரபு

தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியைப் பற்றிய புறநானூற்றுப் பாடல்கள் கொடைப் புகழ்ச்சிகளாகவே பொதுவாகப் படிக்கப்படுகின்றன. பள்ளிப் பாடநூல் வழியாக அனைவரும் அறிந்தது நெல்லிக்கனிக் கதை. அரிதில் கிடைத்த, ஆயுளை நீட்டிக்கும் கனியை அதன் பயனைச் சொல்லாமலே அவன் ஔவையாருக்குக் கொடுத்தான் (புறம் 91). ஆனால் அதே மன்னனைப் பற்றிய வேறு இரண்டு பாடல்கள் கொடையை விமர்சிப்பவை.

ஒன்று ஔவையார் பாடியது (புறம் 206). பரிசில் தரக் காலம் தாழ்த்திய அதியமானின் வாயிற்காவலனை நோக்கி, அரசன் தன் தகுதியை அறியானா, அல்லது என் தகுதியை அறியானா என்று அவர் கேட்கிறார். யாழையும் கருவிப் பையையும் எடுத்துக்கொண்டு புறப்படுகிறார். கோடரி ஏந்திய தச்சனின் பிள்ளைகளுக்குக் காடு எங்கும் இருப்பதைப்போல, கலை அறிந்தவருக்கு எத்திசையிலும் உணவு உண்டு என்பது அவர் வாதம்.

மற்றது பெருஞ்சித்திரனார் பாடியது (புறம் 208). மலைகளைக் கடந்து பரிசில் நாடி வந்த புலவரை நேரில் காணாமல், 'இதைக் கொண்டு செல்க' என்று அதியமான் பொருள் அனுப்பினான். புலவர் அதை மறுத்தார். தன்னைப் பார்க்காமல் கொடுத்த பொருளைப் பெற்றுச் செல்லத் தான் வணிகன் அல்லன் என்றார். கற்றதன் அளவை அறிந்து தருவது தினையளவாக இருந்தாலும் அது போதும் என்றார்.

இப்பாடல்களிலிருந்து மூன்று கேள்விகளை எடுத்துக்கொள்ளலாம். பரிசு உரிய காலத்தில் வந்ததா? கொடுத்தவர் கலைஞனைக் கண்டு, அவன் கலையின் அளவை அறிந்து கொடுத்தாரா? கலைஞன் அந்தப் பரிசை நம்பி நின்றானா, அல்லது வேறு திசையில் நடக்கும் வலு அவனிடம் இருந்ததா?

காலம்: முப்பதாண்டு வாயில்

தாஜ் மகாலின் புகழுக்கு அடித்தளமிட்டவை 1968-69 ஆண்டுகளில் வந்த 'தாஜ் மகால்', 'தி நாச்சுல் ப்ளூஸ்', 'ஜயன்ட் ஸ்டெப்' ஆகிய தொகுப்புகள். இவற்றுள் எதுவும் கிராமி பெறவில்லை. அதற்கு எளிய காரணம் உண்டு: அன்று கிராமியில் ப்ளூஸுக்கென்று தனிப் பிரிவே கிடையாது. மரபு ப்ளூஸுக்கான பிரிவு 1983-லும் சமகால ப்ளூஸுக்கான பிரிவு 1988-லும்தான் வழங்கப்பட்டன. அமெரிக்க வெகுஜன இசையின் பெரும்பகுதிக்குத் தாயாக விளங்கிய இசைக்கு, அந்நாட்டின் முதன்மை இசை விருதில் தனி இருக்கை கிடைக்கக் கால் நூற்றாண்டு ஆகியிருக்கிறது. கிராமி தொடங்கியது 1959-ல்.

ஆனால் விருது இல்லாத அந்த ஆண்டுகளில் வேறு வகை அங்கீகாரம் நிகழ்ந்தது. முதல் தொகுப்பில் 'ஸ்டேட்ஸ்பரோ ப்ளூஸ்' என்ற பாடல் உள்ளது. பார்வையற்ற கலைஞரான பிளைண்ட் வில்லி மெக்டெல் 1928-ல் பதிவு செய்த பாடல் அது. தாஜ் மகாலின் பதிவில் ஜெஸ்ஸி எட் டேவிஸ் வாசித்த ஸ்லைடு கிதாரைக் கேட்டுத்தான் டுவேன் ஆல்மன் என்ற இளைஞர் ஸ்லைடு வாசிப்பில் தீவிரமாக இறங்கினார். மாத்திரைக் குப்பியை விரலில் மாட்டிப் பழகினார். 1971-ல் வெளிவந்த ஆல்மன் சகோதரர்கள் குழுவின் புகழ்பெற்ற நேரடி நிகழ்ச்சித் தொகுப்பு அதே பாடலுடன்தான் தொடங்குகிறது. ராக் இசையில் ஸ்லைடு கிதாரின் ஒரு முழுப் பரம்பரை அதிலிருந்து கிளைத்தது.

இந்த விளைவு எந்த விருதுப் பட்டியலிலும் இல்லை. இன்னொரு கலைஞன் ஒரு பதிவைக் கேட்டுத் தன் கையை மாற்றிக்கொள்வது, கேட்டவன் அளவறிந்து தரும் தினையளவுப் பரிசு. தாஜ் மகாலுக்கு அது 26 வயதிலேயே கிடைத்துவிட்டது. நிறுவனங்களுக்குத்தான் முப்பதாண்டுகள் தேவைப்பட்டன.

காணுதல்: பிரிவுகளும் பெட்டிகளும்

கிராமி போன்ற விருதுகள் இசையைப் பிரிவுகளாக வகுத்தே பார்க்கின்றன. தாஜ் மகாலின் பட்டியலில் இதன் விசித்திரம் வெளிப்படை. 1998, 2001, 2018 ஆண்டுகளில் அவர் 'சமகால' ப்ளூஸ் கலைஞர். 2023, 2025-ல் 'மரபு' ப்ளூஸ் கலைஞர். இடையில் 2012-ல் இரு பிரிவுகளும் ஒன்றாக்கப்பட்டு, 2017-ல் மீண்டும் பிரிக்கப்பட்டன. 75 வயதில் சமகாலத்தவராக இருந்தவர் 80 வயதில் மரபாளர் ஆனார்.

விருது மனிதருக்கு அல்ல, குறிப்பிட்ட தொகுப்பின் பாணிக்கே தரப்படுகிறது என்று இதற்கு விளக்கம் சொல்லலாம். அது ஓரளவு நியாயமானதே. 'கெட் ஆன் போர்டு' சன்னி டெர்ரி, பிரவுனி மெக்கீ இணையின் பாடல்களுக்குச் செய்யப்பட்ட அஞ்சலி. அவர்கள் 1952-ல் வெளியிட்ட இசைத்தட்டின் பெயரையே அது ஏற்றுக்கொண்டது. 'தாஜ்மோ' தன்னைவிட இளையவரான கெப் மோவுடன் செய்த, மெருகும் துள்ளலும் கூடிய தொகுப்பு. முன்னதை மரபென்றும் பின்னதைச் சமகாலமென்றும் கேட்பவர் காது ஒப்புக்கொள்ளும்.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. தாஜ் மகாலின் வாழ்நாள் பணியே மரபு, சமகாலம் என்ற பிரிவினையை ஏற்காத ஒன்று. பழைய பாடலைப் பழையதாகவே மீட்டுவது அவர் வழி அல்ல. அதைப் புதுமையாக்குவதாகச் சொல்லி அடையாளம் தெரியாமல் மாற்றுவதும் அவர் வழி அல்ல. ஒரு பாடல் எந்தெந்த நிலங்களைக் கடந்து வந்தது என்று பின்னோக்கி நடந்து பார்ப்பதே அவர் செய்தது. 1999-ல் மாலி நாட்டின் கோரா கலைஞர் துமானி ஜபாத்தேயுடன் 'குலன்ஜான்' தொகுப்பைப் பதிவு செய்தார். துமானி 'கிரியோ' எனப்படும் பரம்பரைப் பாணர் குடியில் வந்தவர். அரசர்களின் வரலாற்றைப் பாடி, பரிசில் பெற்று, குலவழியாகக் கலையைக் கைமாற்றும் மரபு அது. சங்ககாலப் பாணரை அறிந்த தமிழ் வாசகருக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. அடிமைக் கப்பல்கள் பிரித்த இரண்டு கரைகளின் இசைகள் அத்தொகுப்பில் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்கின்றன. தாஜ் மகாலின் ஆகச் சிறந்த படைப்புகளில் ஒன்றாக இதைச் சொல்லலாம். அவருடைய ஐந்து கிராமிகளில் இது இல்லை.

மும்தாஜ் மகால்: தமிழ்த் தொடர்பு

பெட்டிகளுக்கு இடையே விழுந்த இன்னொரு தொகுப்பு 'மும்தாஜ் மகால்'. இதன் பின்னணியில் இலங்கையில் பிறந்த ஒலிப்பதிவாளர் கவிச்சந்திரன் அலெக்சாண்டர் இருக்கிறார். கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பராவில் 'வாட்டர் லில்லி அகௌஸ்டிக்ஸ்' என்ற நிறுவனத்தை நடத்திய அவர், மிகச் சில ஒலிவாங்கிகளைக் கொண்டு, வெட்டி ஒட்டாமல், தேவாலயம் போன்ற இயற்கையான எதிரொலி உள்ள இடங்களில் பதிவு செய்வதில் பெயர்பெற்றவர். வெவ்வேறு நாட்டு இசைக்கலைஞர்களை எதிரெதிரே அமர வைத்து, நடப்பதைப் பதிவு செய்வது அவர் முறை.

அம்முறையின் முதல் பெரும் வெற்றி ரை கூடரும் விஸ்வ மோகன் பட்டும் 1992-ல் ஒத்திகையின்றி வாசித்த 'எ மீட்டிங் பை தி ரிவர்'. 1993-ல் வெளிவந்து 1994-ல் சிறந்த உலக இசைத் தொகுப்புக்கான கிராமியைப் பெற்றது. பட்டுக்கு அந்த விருது உலகப் புகழைத் தந்தது. சங்கீத நாடக அகாதமி விருது, பத்மஸ்ரீ (2002), பத்மபூஷண் (2017) ஆகியவை பின்னர் வந்தன. அதிலுள்ள நான்கு உருப்படிகளில் ஒன்றின் பெயர் 'கேஞ்சஸ் டெல்டா ப்ளூஸ்'. மிசிசிப்பி வடிநிலத்தின் இசைக்குக் கங்கையின் வடிநிலத்தைப் பெயராக வைத்த ஒரு விளையாட்டு. ஆயினும் அது விருது பெற்றது ப்ளூஸ் பிரிவில் அல்ல, உலக இசைப் பிரிவில்.

அடுத்து அதே நிறுவனம் 1995-ல் வெளியிட்டது 'மும்தாஜ் மகால்'. தாஜ் மகால் பாடி, கிதார் வாசித்தார். பட் மோகன வீணையும் ரவிகிரண் சித்ரவீணையும் வாசித்தனர். ராபர்ட் ஜான்சன் 1936-ல் பதிவு செய்த 'கம் ஆன் இன் மை கிச்சன்', கறுப்பினத்தவரின் பக்திப்பாடலான 'மேரி டோன்ட் யூ வீப்', ஜமைக்காவின் ரெகே பாடலான 'ஜானி டூ பேட்' எனப் பல நிலத்துப் பாடல்கள் இதில் உள்ளன.

சித்ரவீணையும் ஸ்லைடு கிதாரும் ஒரே அடிப்படைச் செயலால் ஒலிப்பவை. கோட்டுவாத்தியம் என்றும் வழங்கும் சித்ரவீணைக்கு வீணையைப்போல மெட்டுகள் கிடையாது. நரம்பின்மீது உருளைக்கட்டையை நகர்த்தி வாசிக்க வேண்டும். 20ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் சகாராம ராவ் இதைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்தார். அவர் வழியில் வந்த நாராயண ஐயங்கார் ரவிகிரணின் தாத்தா. ஏறத்தாழ அதே காலத்தில் மிசிசிப்பியில் உடைந்த பாட்டிலின் கழுத்தையும் கத்தியையும் நரம்பின்மீது தேய்த்துக் கறுப்பினக் கலைஞர்கள் வாசித்தனர். இசையமைப்பாளர் டபிள்யூ.சி. ஹேண்டி 1903 வாக்கில் டட்வைலர் ரயில் நிலையத்தில் கத்தியால் கிதாரை மீட்டிய ஒருவரைக் கண்டதாகத் தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார்.

இரு மரபுகளும் ஸ்வரத்தைப் புள்ளியாகக் கொள்வதில்லை, பாதையாகக் கொள்கின்றன. கர்நாடக இசையில் ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் செல்லும் ஜாரு ஒரு கமக வகை. ப்ளூஸில் காந்தாரம், பஞ்சமம், நிஷாதம் ஆகியவற்றின் இடங்களில் வரும் தாழ்ந்த ஸ்வரங்கள் பியானோவின் எந்தக் கட்டையிலும் சரியாக உட்காருவதில்லை. இரண்டு கட்டைகளுக்கு இடையே எங்கோ நின்று அசைகின்றன. பியானோவால் எட்ட முடியாத அந்த இடத்தைத் தொடவே ப்ளூஸ் கலைஞன் பாட்டில் கழுத்தைத் தேடினான். மனிதக் குரலின் இழைவைத் தொடவே சித்ரவீணைக் கலைஞன் மெட்டுகளைத் துறந்தான்.

இவ்வளவு பொருத்தம் இருந்தும் 'மும்தாஜ் மகால்' முழு வெற்றி பெற்ற தொகுப்பு அல்ல. தாஜ் மகாலின் குரல் பாடல்களின் மையத்தில் இருப்பதால், பல இடங்களில் இந்தியக் கருவிகள் பாடகருக்குப் பக்கவாத்தியமாகச் சுருங்குகின்றன. 'ஸ்டாண்ட் பை மீ' போன்ற அனைவரும் அறிந்த பாடலில் சித்ரவீணையும் மோகன வீணையும் அலங்காரமாகவே நிற்கின்றன. ராகம் விரிவதற்கான நேரமும் இடமும் பாடலின் கட்டமைப்பில் இல்லை. மாறாக 'கம் ஆன் இன் மை கிச்சன்' போன்ற பாடல்களில் குரல் ஓய்ந்ததும் அதன் கடைசி அசைவை நரம்பு எடுத்துக்கொள்கிறது. யார் எந்த நாட்டவர் என்ற கேள்வியே அங்கே எழுவதில்லை. 'எ மீட்டிங் பை தி ரிவர்' கருவிகளின் உரையாடலாக இருந்ததால் பட்டுக்குத் தன் மரபில் ஊன்றி நிற்க முடிந்தது. இத்தொகுப்பில் உரையாடல் சில கணங்களில் மட்டுமே நிகழ்கிறது.

எனவே இதற்குக் கிராமி கிடைக்காததை அநீதி என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரு ப்ளூஸ் கலைஞரின் வரலாற்றில் இத்தொகுப்பின் இடம் விருது பெற்ற சில தொகுப்புகளைவிட முக்கியமானது. கனவில் கண்ட ஒரு நாட்டின் பெயரைச் சூட்டிக்கொண்டவர், அந்நாட்டின் இசையோடு நேருக்கு நேர் அமர்ந்து தன் இசையைச் சோதித்துப் பார்த்த இடம் இது. சோதனையில் பாதி வெற்றி பெற்றதும் ஆவணப்படுத்தத் தக்கதே.

வேறு திசை: விருதை நம்பாத வாழ்க்கை

ஔவையாரின் வாதப்படி கலை அறிந்தவருக்கு ஒரு வாயில் மட்டும் இல்லை. தாஜ் மகாலின் வாழ்க்கை இதற்குச் சான்றாகிறது. 1972-ல் வெளியான 'சவுண்டர்' திரைப்படத்திற்கு இசையமைத்து, அதில் நடிக்கவும் செய்தார். 1980களின் தொடக்கத்தில் ஹவாய்க்குக் குடிபெயர்ந்தார். அங்கு உள்ளூர்க் கலைஞர்களுடன் வாசித்ததன் விளைவாகப் பின்னாளில் 'ஹூலா ப்ளூஸ்' குழு உருவானது. ஸ்லைடு கிதாரின் உலகப் பரவலில் ஹவாய்க்குப் பெரும் பங்கு உண்டு என்பதால், இதுவும் பாடலின் வேர் தேடிய பயணமாகவே அமைந்தது. லாங்ஸ்டன் ஹியூஸும் சோரா நீல் ஹர்ஸ்டனும் எழுதிய 'மியூல் போன்' நாடகம் 1991-ல் மேடையேறியபோது அதற்கு இசையமைத்தார்.

விருதுகள் வந்த பின்னரும் அவர் வாசிப்பு விருதுக்கு ஏற்ப மாறவில்லை. 2025-ல் கிராமி பெற்றது ஒரு நேரடி நிகழ்ச்சிப் பதிவு. 2001-ல் பெற்றதும் அதுவே. ஒலிக்கூடத்தின் மெருகைவிட, கேட்பவர்முன் வியர்க்கும் வாசிப்பே அவரைச் சரியாகக் காட்டும் என்பதை அந்த இரண்டு விருதுகளும் கண்டுகொண்டன. அந்த வகையில் அவை பெருஞ்சித்திரனார் கேட்ட, கண்டு கொடுத்த பரிசுகள். 2023-ன் விருதும் அவ்வாறே. 1960களில் தொகுப்பு வெளிவராமல் கலைந்த குழுவின் இரு நண்பர்கள் அரை நூற்றாண்டுக்கும் மேல் கழித்துச் சேர்ந்து, தாம் இளமையில் கேட்டு வளர்ந்த இணைக்கு நன்றி சொன்ன தொகுப்பு அது.

வாழ்நாள் சாதனை விருதுகளை அப்படிச் சொல்வது கடினம். 82 வயதில் தரப்படும் பொது விருது எந்தப் படைப்பையும் சுட்டுவதில்லை. 1968-ஐக் காணத் தவறியதற்கும், 'குலன்ஜான்' பிரிவுகளுக்குள் அடங்காமல் போனதற்கும் சேர்த்து எழுதப்பட்ட ஒரே ரசீது அது. பெறுபவரைச் சிறுமைப்படுத்துவதில்லை. ஆனால் கொடுப்பவரின் பார்வையைப் பற்றி நிறையச் சொல்லிவிடுகிறது.

நடுகல்

அதியமான் இறந்தபின் அவனுக்கு எடுத்த நடுகல்லையும் ஔவையார் பாடியிருக்கிறார் (புறம் 232). நாடே கொடுத்தாலும் ஏற்காதவன், கல்லுக்கு முன் ஊற்றும் சிறிதளவு கள்ளை ஏற்பானா என்று கேட்கிறார். தருமபுரி மாவட்டத்தின் ஊர்ப்புறங்களிலும் அரசு அருங்காட்சியகத்திலும் இன்றும் பல நடுகற்களைக் காணலாம். இறந்தபின் செய்யும் மரியாதை இறந்தவருக்குப் பயன்படாது, இருப்பவரின் கடனைத் தீர்க்கவே உதவும் என்ற உண்மை அப்பாடலில் உள்ளது.

ப்ளூஸ் வரலாற்றில் இதற்கு இணை உண்டு. மிசிசிப்பியின் முன்னோடிகள் பலர் பெயர்க்கல்லும் இல்லாத குழிகளில் புதைக்கப்பட்டனர். 1934-ல் இறந்த சார்லி பேட்டனுக்கு 1991-ல்தான் கல் நடப்பட்டது. செலவை ராக் இசைக்கலைஞர் ஜான் ஃபோகெர்ட்டி ஏற்றார். 1972-ல் இறந்த ஃபிரெட் மெக்டவலுக்கு 1993-ல் கிதார் கலைஞர் போனி ரெய்ட் கல் எடுத்தார். இருவரும் அந்த முன்னோடிகளின் இசையிலிருந்து எடுத்துக்கொண்டவர்கள். இந்தப் பின்னணியில், உயிரோடிருக்கும்போதே தாமதமாகவேனும் விருது பெற்ற தாஜ் மகால் தன் மரபில் நற்பேறு பெற்றவர்களில் ஒருவர். மெக்டெல், ஜான்சன் ஆகியோரின் பாடல்களை மேடைதோறும் அவர் பாடியது கல்லால் அல்லாமல் குரலால் எடுத்த நடுகல்.

மதிப்பீடு

விருதுகளின் அளவு, வரிசை, பிரிவு ஆகியவை பற்றிய கேள்வி அமெரிக்காவுக்கு மட்டும் உரியது அல்ல. தமிழ்நாட்டில் மாவட்டக் கலை மன்றங்கள் வழியாக வழங்கப்படும் விருதுகள் வயதின்படி வகுக்கப்பட்டவை. 18 வயது வரை கலை இளமணி, 35 வரை கலை வளர்மணி, 50 வரை கலை சுடர்மணி, 65 வரை கலை நன்மணி, அதற்குமேல் கலை முதுமணி. கிராமி பாணியின்படி பிரிக்கிறது, இவ்விருதுகள் வயதின்படி பிரிக்கின்றன. வயதுப் பிரிவில் ஒரு நன்மை உண்டு: இளைஞர் முப்பதாண்டு காத்திருக்க வேண்டியதில்லை. தாஜ் மகால் இம்முறையில் 26 வயதில் வளர்மணியாகியிருக்கலாம். கிராமி அவரை முதலில் கண்டது நன்மணி வயதில். ஆனால் தெருக்கூத்தாடியையும் நாகசுரக் கலைஞரையும் ஓவியரையும் வயது ஒன்றே அருகருகே நிறுத்தும்போது, ஒவ்வொருவரின் கலையையும் நேரில் கண்டு அளந்தவர் யார் என்ற பெருஞ்சித்திரனாரின் கேள்வி இங்கும் மிஞ்சுகிறது.

தாஜ் மகாலின் விருதுப் பட்டியல் அவர் சாதனையின் முழு வரைபடம் அல்ல. அதில் 'குலன்ஜான்' இல்லை, 'ஸ்டேட்ஸ்பரோ ப்ளூஸ்' இல்லை, பாதி வெற்றியான 'மும்தாஜ் மகால்' இல்லை. அவரைப் புதிதாகக் கேட்கத் தொடங்கும் மாணவர் கிராமி பெற்ற ஐந்து தொகுப்புகளோடு இம்மூன்றையும் சேர்த்துக் கேட்பது நல்லது. சித்ரவீணைக் காது பழகிய தமிழ் ரசிகர் 'மும்தாஜ் மகால்' தொகுப்பிலிருந்தே தொடங்கலாம். குரல் ஓயும் இடத்தில் நரம்பு தொடரும் கணங்களைக் கவனித்துக் கேட்டால், ப்ளூஸ் என்பது எவ்வளவு அருகில் இருக்கும் இசை என்பது புலப்படும். அவ்வாறு கேட்பது பெருஞ்சித்திரனார் வேண்டிய தினையளவுப் பரிசு. அதை வழங்க எந்த நிறுவனமும் தேவையில்லை.